கோடை விடுமுறைக்கு மாவட்ட அருங்காட்சியகங்களில் என்ன நடக்கிறது?

ஏப்ரல் 5, 2025 (காரைக்குடி வாசகர் ஒருவரின் கேள்வி)

பையன் எட்டாவது முடிக்கிறான், பொண்ணு நாலாவது. லீவு விட்டுவிட்டால் கையில் எடுத்த போனைக் கீழே வைப்பதில்லை. அருங்காட்சியகம் எதற்காவது கூட்டிப் போகலாம் என்று பார்த்தால், கண்காட்சி, பயிலரங்கம் எல்லாம் சென்னையில்தான் போடுகிறார்கள். நம்ம பக்கத்து மாவட்ட அருங்காட்சியகங்களில் பாடம் பண்ணின முதலையும் மூக்குடைந்த சிலையும் தவிர என்ன இருக்கிறது? அடுத்த இரண்டு மாதத்தில் உருப்படியாக ஏதாவது நடக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஏப்ரல் 5, இரவு

நடக்கிறது. புதுக்கோட்டைப் பக்கம் அரசு நடுநிலைப் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். பதினோரு வருடமாகப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இந்தக் கட்டடங்களுக்குள் ஏறி இறங்குகிறேன். அதனால் இதை அடித்துச் சொல்ல முடியும்.

முதலில் தேதிகள். ஏப்ரல் 18 உலக மரபு நாள். இந்த வருடம் அது வெள்ளிக்கிழமையில் வருகிறது, அதுவும் புனித வெள்ளி. மாநில அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிதான் வார விடுமுறை. ஆகவே அன்றைக்கு அங்கே போய் நிற்காதீர்கள். ஆனால் மத்திய தொல்லியல் துறையின் கையில் இருக்கும் சித்தன்னவாசல், திருமயம் கோட்டை மாதிரியான இடங்களில் அன்றைக்கு வழக்கமாக டிக்கெட் வாங்குவதில்லை.

அடுத்தது மே 18, உலக அருங்காட்சியக தினம். இந்த முறை ஞாயிற்றுக்கிழமை, உங்களுக்குத் தோதான நாள். 1977ஆம் ஆண்டிலிருந்து உலகம் முழுக்கக் கொண்டாடுகிறார்கள். வருடா வருடம் ஒரு கருப்பொருள் கொடுப்பார்கள். இந்த வருடம் வேகமாக மாறிவரும் சமூகங்களில் அருங்காட்சியகங்களின் எதிர்காலம் என்பது. மாவட்டத்தில் அந்தக் கருப்பொருளை யாரும் பெரிதாகப் பேசமாட்டார்கள். ஓவியப் போட்டி, பழைய நாணயக் கண்காட்சி, களிமண் வேலை, பழைய எழுத்துப் பயிற்சி என்று ஏதாவது ஒன்று இருக்கும். பிள்ளைகளுக்கு அது போதும்.

நவம்பர் 19 முதல் 25 வரை உலக மரபு வாரம். அதற்கு நாள் இருக்கிறது.

ஏப்ரல் 6

"இதெல்லாம் எங்கே அறிவிக்கிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் நுழைவாயில் நோட்டீஸ் போர்டில். அப்புறம் செய்தித்தாளின் மாவட்டப் பக்கத்தில் நாலு வரி, நிகழ்ச்சிக்கு முந்தின நாள். சில சமயம் முடிந்த மறுநாள் படத்தோடு. நேரில் போய் டிக்கெட் கொடுப்பவரிடம், "பிள்ளைகளுக்கு ஏதாவது வைத்திருக்கிறீர்களா, அடுத்து எப்போது?" என்று கேட்பதுதான் இன்றைக்கும் நிச்சயமான வழி. இப்படிக் கேட்டு எனக்கு நாலைந்து நல்ல நாட்கள் கிடைத்திருக்கின்றன.

ஏப்ரல் 9

அந்த முதலை விஷயத்தை இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். அதைக் குறை சொல்லாதீர்கள். என் பிள்ளைகள் அதிக நேரம் நிற்பது அந்த முதலை முன்னால்தான். தொலைக்காட்சியில் ஆயிரம் தடவை பார்த்திருந்தாலும் அதன் நீளத்தைத் தன் உயரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு அங்கேதான் கிடைக்கிறது.

சென்னைக்காரர்கள் முன்னாட்களில் எழும்பூர் அருங்காட்சியகத்தைச் 'செத்த காலேஜ்' என்றும் மிருகக்காட்சிசாலையை 'உயிர் காலேஜ்' என்றும் சொல்வார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த பேர்கள். இரண்டையும் காலேஜ் என்றார்கள் பாருங்கள். பள்ளிக்கூடத்துக்குப் போகாதவர்களும் காணும் பொங்கலுக்கு வண்டி கட்டிக்கொண்டு போய்ப் படித்துவிட்டு வந்த இடம் அது. 1851இல் எழும்பூர் அருங்காட்சியகம் தொடங்கியபோது கையில் இருந்தது சுமார் 1,100 கல், தாது மாதிரிகள்தான். கொஞ்ச காலம் அதன் வளாகத்திலேயே உயிருள்ள விலங்குகளும் இருந்தன. அவை பிறகு வேறு இடத்துக்குப் போய்விட்டன.

எங்கள் புதுக்கோட்டை அருங்காட்சியகமும் 1910இலேயே வந்துவிட்டது, சமஸ்தானக் காலத்தில். திருக்கோகர்ணத்தில் இருக்கிறது. கல், விலங்கு, சிற்பம், செப்புத் திருமேனி, ஓவியம், கல்வெட்டு எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. காரைக்குடியிலிருந்து காலையில் பஸ் ஏறினால் பார்த்துவிட்டு மாலைக்குள் வீடு திரும்பிவிடலாம்.

ஏப்ரல் 13, ஞாயிறு

இன்றைக்குப் பதினேழு பிள்ளைகளோடு வேன் வைத்துக்கொண்டு கீழடி போய்விட்டு வந்தேன். அருங்காட்சியகம் இருப்பது பக்கத்தில் கொந்தகையில். 18 கோடிக்கு மேல் செலவு செய்து செட்டிநாட்டு வீட்டுப் பாணியில் கட்டியிருக்கிறார்கள். 2023 மார்ச் 5இல் திறந்தார்கள். காரைக்குடிப் பிள்ளைகளுக்கு அந்த முற்றமும் தூண்களும் சொந்த வீடு மாதிரி இருக்கும்.

ஒரே ஒரு பானை ஓட்டின் முன்னால் இருபது நிமிடம் நின்றோம். உள்ளங்கை அளவுகூட இல்லை. சுட்ட பிறகு கூர்மையான எதையோ வைத்துக் கீறியிருக்கிறார்கள். கோடு ஓரிடத்தில் வழுக்கிக் கொஞ்சம் நீண்டு போயிருக்கிறது. பக்கத்தில் போய்ச் சாய்ந்து பார்த்தால்தான் தெரியும். படித்துக் காட்டினேன்: ஆதன். ஒரு ஆளின் பேர். 'த' எழுத்து, கவட்டையைக் கவிழ்த்துப் போட்ட மாதிரி இருக்கும். கவட்டை என்றதும் பையன்கள் எல்லாரும் கண்ணாடி மேல் வந்து விழுந்தார்கள்.

அப்போது ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்: "டீச்சர், ஆதன்னு சொல்றீங்க. ன் மேல புள்ளி எங்க?"

அப்போது புள்ளி வைக்கிற வழக்கமே கிடையாது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன்.

முதுமக்கள் தாழி பக்கம் வந்ததும் அதே பெண் அடுத்த கேள்வியைப் போட்டாள். "இதுக்குள்ள இருந்தவங்க மூஞ்சி எப்படி இருந்திருக்கும்?" தெரியாதும்மா என்றேன். தாழிகள் கிடைத்தது இதே கொந்தகையில்தான், கீழடியில் வாழ்ந்தவர்களின் இடுகாடாக இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள் என்று மட்டும் சொன்னேன். சுடுகாட்டுக்குப் பக்கத்திலா நிற்கிறோம் என்று இரண்டு பேர் பயந்தார்கள். ஒருவன் தாழியின் வாயை முழம் போட்டு அளந்து, தான் உள்ளே உட்கார முடியுமா என்று கணக்குப் பார்த்தான்.

ஏப்ரல் 14

சித்திரை முதல் நாளில் ஒரு திருத்தம். அந்தப் பெண்ணுக்கு நான் சொன்னது அரைகுறைப் பதில். இரவு படுத்த பிறகுதான் உறைத்தது.

அந்த ஓட்டில் இருந்த பழைய எழுத்துக்குத் தமிழ் பிராமி என்று பேர். அது எழுதப்பட்டது ஒரு காலகட்டத்தில் மட்டும் இல்லை. ஆரம்பத்தில் புள்ளி இல்லை. க என்பதா க் என்பதா என்று இடத்தைப் பார்த்துத்தான் படிக்க வேண்டும். பிற்காலத்துத் தமிழ் பிராமியில் புள்ளி வந்துவிடுகிறது. கல்வெட்டு ஆய்வாளர் ஐராவதம் மகாதேவன் இந்தப் படிநிலைகளை வரிசைப்படுத்திக் காட்டியிருக்கிறார். மெய்யெழுத்து புள்ளி பெறும் என்று தொல்காப்பியமும் சொல்கிறது. அதோடு இன்னொன்று: புள்ளி வந்த பிறகும் எல்லாரும் வைத்தார்கள் என்று இல்லை. சோழர் காலத்துக் கல்வெட்டுகளைப் பாருங்கள், பெரும்பாலும் புள்ளி இருக்காது. ஓலையில் அழுத்திப் புள்ளி வைத்தால் ஓலை கிழிந்துவிடும் என்பதால் விட்டார்கள் என்றும் சொல்வார்கள்.

ஆக அவள் கேட்டது இரண்டாயிரம் வருடக் கேள்வி. நான் அதை ஒரே வாக்கியத்தில் அடைத்துவிட்டேன். பள்ளி திறந்ததும் அவளைக் கூப்பிட்டு முழுசாகச் சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 19

நேற்று சித்தன்னவாசல். டிக்கெட் வாங்கவில்லை. கூட்டமும் இல்லை. காலை எட்டு மணிக்கே பாறை சுட ஆரம்பித்துவிட்டது. சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் தண்ணீரும் தொப்பியும் இல்லாமல் ஏறாதீர்கள்.

எல்லாரும் ஓவியத்தைப் பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். அதே குன்றில் இருக்கும் ஏழடிப்பட்டம் குகைக்குப் போகிறவர்கள் குறைவு. சமணத் துறவிகளுக்காகப் பாறையில் வழுவழு என்று செதுக்கிய 17 படுக்கைகள், தலை வைக்கும் இடம் மட்டும் கொஞ்சம் உயர்த்தி. அதில் ஒன்றைச் சுற்றித் தமிழ் பிராமிக் கல்வெட்டு இருக்கிறது. பானை ஓட்டில் பார்த்த அதே கவட்டை எழுத்தை இங்கே கல்லில் தேடச் சொன்னால் பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல விளையாட்டு இல்லை. கீழடி போய்விட்டு அதற்கு அடுத்து இங்கே வாருங்கள். வரிசையை மாற்ற வேண்டாம்.

ஏப்ரல் 20

"சரி, கண்காட்சி என்று புதிதாக ஒன்றும் இல்லையா?" என்று காரைக்குடிக்காரர் திரும்பவும் கேட்கிறார். நியாயமான கேள்வி. கட்டிக்கொண்டிருப்பவற்றைச் சொல்கிறேன்.

கீழடியில் தோண்டின குழிகளை அப்படியே இருக்கிற இடத்தில் வைத்துப் பார்க்கும்படி திறந்தவெளி அருங்காட்சியகம் வரப்போகிறது. அதற்கும் கங்கைகொண்ட சோழபுரம் அருங்காட்சியகத்துக்கும் சேர்த்துப் போன ஜனவரி 23இல் அடிக்கல் நாட்டினார்கள். திருநெல்வேலியில் பொருநை அருங்காட்சியக வேலை நடந்துகொண்டிருக்கிறது. ஆதிச்சநல்லூர், சிவகளை, கொற்கை அகழாய்வுகளில் கிடைத்த பொருட்கள் அங்கே வரும். சிவகளை இரும்பைப் பற்றித்தான் அதே ஜனவரி 23இல் 5,300 வருடம் பழசு என்று அறிவித்தார்கள். அந்த இரும்பைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்கும் நாளுக்குத்தான் நான் காத்திருக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் பொற்பனைக்கோட்டை இருக்கிறது. 2023இல் அங்கே அகழாய்வில் தங்க மூக்குத்தி ஒன்றும் எலும்பு முனைக் கருவி ஒன்றும் சூதுபவள மணி ஒன்றும் கிடைத்தன. ஊர்க்காரர்கள் இன்னமும் அந்த மூக்குத்தியைப் பற்றிப் பேசுகிறார்கள். போட்டிருந்தவள் தேடித் தேடி அழுதிருப்பாள் என்று ஒரு பாட்டி என்னிடம் சொன்னார். எனக்கும் அந்த மூக்குத்தி என்றால் அவர் சொன்னதுதான் நினைவுக்கு வருகிறது.

ஏப்ரல் 27

தஞ்சாவூர் கலைக்கூடத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டேனே. நேற்று தங்கை வீட்டுக்குப் போன சாக்கில் மறுபடியும் போனேன். நாயக்கர் அரண்மனைக்குள் 1951இல் தொடங்கினார்கள்.

அதே 1951இல்தான் திருவெண்காட்டில் மண்ணுக்குள்ளிருந்து, இப்போது இந்தக் கலைக்கூடத்தில் இருக்கும் ரிஷபவாகனர், அதாவது காளையோடு நிற்கும் சிவன், கிடைத்தார். சுமார் மூன்றரை அடி உயரச் செப்புத் திருமேனி. ராஜராஜன் காலம், 1011. தேதி இவ்வளவு துல்லியமாகத் தெரிவதற்குக் காரணம் கோயிலில் இருக்கும் கல்வெட்டு. அடுத்த வருடம், 1012இல், பக்கத்தில் நிற்க அம்மன் திருமேனியும் செய்தார்கள்.

நான் சொல்ல வந்தது வேறு. அந்தச் சிவன் காலை மாற்றிப் போட்டு, ஒரு கையை மடக்கிக் காளையின் மேல் சாய்ந்து நிற்கிறார். காளை இல்லை. அது கிடைக்கவே இல்லை. அந்தக் கையை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். மணிக்கட்டிலிருந்து விரல்கள் தொய்ந்து விழுகின்றன, நம்ம வீட்டு மாட்டின் திமில் மேல் கை போட்டுக்கொண்டு பேசுவோமே, அதே தளர்வு. கொஞ்ச நேரம் பார்த்தால் காளையின் உயரம் தெரிகிறது. இன்னும் கொஞ்சம் பார்த்தால் அது அமைதியாக நிற்கிற மாடு, உதைக்கிற மாடு இல்லை என்பதுகூடத் தெரிகிறது. தலையில் பாம்பும் சடையுமாகச் சேர்த்துச் சுற்றிய முண்டாசு. வயலுக்குப் போகிற ஆள் மாதிரியே இருக்கிறார்.

இதற்கு விழா, நாள் எதுவும் வேண்டாம். சும்மா ஒரு புதன்கிழமை போங்கள். பிள்ளைகளிடம் ஒரு தாளும் பென்சிலும் கொடுத்து, "இங்கே இல்லாத மாட்டை வரை" என்று சொல்லுங்கள். என் தங்கை பையன் வரைந்தது இப்போது என் மேசை மேல் இருக்கிறது. மாட்டுக்குக் கழுத்து மணி வைத்திருக்கிறான்.

மே 11

ஒரு வருத்தமும் ஒரு திருத்தமும்.

வெள்ளி விடுமுறை என்று முதல் பதிவில் சொன்னேன். இரண்டாவது சனியும் விடுமுறை என்று சொல்லாமல் விட்டுவிட்டேன். நேற்று அந்தத் தவற்றுக்கு நானே தண்டம் கட்டினேன். வேறொரு மாவட்டத்தில் ஓர் அருங்காட்சியகம். ஒன்பது பிள்ளைகள், இரண்டு பஸ் மாறிப் போனோம். பூட்டு. காவலாளி இல்லை. வெளியே போர்டில் திறக்கும் நேரம் இருக்கிறது, மூடும் நாள் எழுதின இடம் வெயிலில் வெளுத்துப் போய் ஓர் எழுத்தும் படிக்க முடியவில்லை. நான் தேதி பார்த்திருக்க வேண்டும், அது என் தவறு. ஆனால் அந்தப் போர்டுக்கு ஒரு டப்பா பெயின்ட் போதும். இரண்டு பஸ் மாறி வருகிற பிள்ளைக்கு அதுதான் அருங்காட்சியகத்தின் முதல் காட்சிப்பொருள்.

கேட்டுக்கு வெளியிலேயே வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிட்டோம். கம்பி வழியாகத் தெரிந்த ஒரு பீரங்கியை எல்லாரும் படம் வரைந்தார்கள். திரும்பும்போது ஒருத்தன், "அடுத்த வாட்டி திறந்திருக்கும்ல டீச்சர்?" என்று கேட்டான். அது மனசில் கிடக்கிறது. நாளைக்கு அந்த போர்டைப் பற்றி ஒரு கடிதம் எழுதிப் போடப்போகிறேன்.

மே 18, இரவு

உலக அருங்காட்சியக தினம். எந்த ஊருக்குப் போனேன் என்று சொல்லவில்லை. சொன்னால் ஒரு வாரம் கழித்து நீங்கள் போய்ப் பார்த்துவிட்டு, இங்கே ஒன்றையும் காணோமே என்று திரும்புவீர்கள். இன்றைக்கு மட்டும் அங்கே எல்லாம் இருந்தது.

பழைய எழுத்துப் பயிற்சிக்கு நூறு பிள்ளைகளுக்கு மேல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். 'க' கூட்டல் குறி. 'ர' ஒரே ஒரு நெட்டுக் கோடு. 'வ' வட்டத்தின் மேல் ஒரு காம்பு. அரை மணி நேரத்தில் ஆளுக்கொரு அட்டையில் தங்கள் பேரை எழுதிவிட்டார்கள். ஒரு பையனின் பேரில் ஜ, ஷ் இரண்டும் இருந்தது. என்ன செய்வது என்று முழித்தான். சொல்லிக் கொடுத்தவர் பொறுமையாக உட்கார்ந்து, அந்தக் காலத்தில் வடக்கே அந்த ஒலிகளுக்கு எழுத்து இருந்தது, தமிழுக்கு அவை தேவைப்படவில்லை, தமிழுக்கு என்று ழ, ள, ற, ன சேர்த்துக்கொண்டார்கள் என்று அவனுக்குத் தனியாகவே விளக்கினார்.

இன்னொரு பக்கம் சக்கரத்தோடு ஒரு வேளார் பெரியவர். பிள்ளைகள் ஆளுக்கொரு அகல் செய்தார்கள். நான் போய் அவரிடம் கருப்பு சிவப்புப் பானையைப் பற்றிக் கேட்டேன். உள்ளே கருப்பு, வெளியே சிவப்பு எப்படி வரும்? வகுப்பில் பாடமாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், செய்கிறவர் வாயால் கேட்டதில்லை. கை மண்ணைத் துடைக்காமலேயே சொன்னார்: "உமியும் தழையும் வச்சுக் கவுத்துப் போட்டுச் சுட்டா உள்ள காத்துப் போகாதுங்க. புகை உள்ளயே நிக்கும். கருக்காம என்ன செய்யும்?"

இருபத்தைந்து நூற்றாண்டுச் சூளை நுட்பம், மூன்று வாக்கியம். அடுத்த வருடம் பாடம் எடுக்கும்போது அவர் சொன்னபடிதான் சொல்வேன்.

மே 19

ஒரு மறுயோசனை. நேற்றைய கூட்டத்தில் ஒரு பிள்ளைகூடக் காட்சிக்கூடத்துக்குள் போய் நிதானமாக எதையும் பார்க்கவில்லை. நான் உட்பட. அகல் காய்ந்ததா என்று பார்த்தோம், சான்றிதழ் வாங்க வரிசையில் நின்றோம், கிளம்பிவிட்டோம். விழா நாளில் கைக்கு வேலை கிடைக்கும், கண்ணுக்கு நேரம் கிடைக்காது. ஏப்ரல் 5இல் மே 18க்குப் போங்கள் என்று மட்டும் சொன்னேன். இப்போது கேட்டால் இரண்டு தடவை போங்கள் என்பேன். விழா நாளில் ஒரு தடவை, அதே வாரத்தில் சாதாரண நாளில் ஒரு தடவை. பேரைப் பழைய எழுத்தில் எழுதின பிள்ளை, கண்ணாடிக்குள் இருக்கிற எழுத்தை அடுத்த தடவை தானாகவே தேடும்.

ஜூன் 1

நாளைக்குப் பள்ளி திறக்கிறது. காரைக்குடிக்காரர் புதுக்கோட்டைக்கும் கீழடிக்கும் போய்விட்டு வந்து படம் அனுப்பியிருக்கிறார். பொண்ணு முதலை பக்கத்தில் படுத்துப் பார்த்து, தன்னைவிட எவ்வளவு நீளம் என்று அளந்தாளாம். ரொம்ப சந்தோஷம்.

ஜூன் 4

புள்ளி விஷயம் முழுசாகச் சொல்லியாயிற்று. ஒரு வாழை இலையில் அவளையே ஆணியால் புள்ளி வைக்கச் சொன்னேன். கிழிந்தது. சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள்.

ஜூன் 30

இன்றைக்குக் காலையில் செய்தித்தாளை வகுப்புக்கே எடுத்துக்கொண்டு போய்விட்டேன். கொந்தகையில் கிடைத்த இரண்டு மண்டை ஓடுகளை வைத்து, இங்கிலாந்தில் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தில் முகங்களை மீட்டு உருவாக்கியிருக்கிறார்கள். இரண்டும் ஆண்கள்.

ஏப்ரல் 13இல் தெரியாதும்மா என்று சொன்னேன். அந்தப் பெண்ணிடம்தான் முதலில் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தாள். "எங்க பெரியப்பா மாதிரி இருக்கு டீச்சர்" என்றாள். வகுப்பு முழுக்கத் தாள் சுற்றி வந்தது. ஒவ்வொருத்தருக்கும் ஓர் ஆள் கிடைத்தார்: பால்காரர், பஸ் டிரைவர், செத்துப்போன தாத்தா. தாழியின் வாயை அளந்த பையன் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. தாளைக் கேட்டு வாங்கிப் பையில் வைத்துக்கொண்டான்.

நவம்பர் மரபு வாரத்தில் மறுபடியும் கொந்தகைக்கு வேன் பேசியிருக்கிறேன். 22ஆம் தேதி, சனிக்கிழமை. இரண்டாவது சனி இல்லை, நாட்காட்டி பார்த்துவிட்டேன். கிளம்பும் முன் போன் போட்டும் கேட்டுக்கொள்வேன். வேனில் இரண்டு இடம் காலியாக இருக்கிறது. காரைக்குடிப் பிள்ளைகள் வருகிறார்களா?